நாற்பத்தேழாம் எண் ஷெட்

லியெபாயாவில், ரயில் பாதையை ஒட்டி
வரிசையாய் நிற்கும் தகரக் கதவுகளில்
நாற்பத்தேழுக்குள் மட்டும் கார் இல்லை.
பிர்ச் பலகைகளை அடுக்கி ஒட்டிய சட்டம்,
ஒரு மீட்டர் லீட் ஸ்க்ரூ,
பழைய பிரிண்டரைப் பிரித்தெடுத்த வயர்கள்,
டிராம் பணிமனையில் இரவு ஷிப்ட் முடிந்து
கையைக்கூடக் கழுவாமல் வரும் ரஸ்மா.

முதல் நாள் அவள் கேட்டது வட்டம்.
எந்திரம் கொடுத்தது முட்டை.
நாற்பத்தெட்டிலிருந்து எட்டிப் பார்த்த குன்வால்டிஸ்
"ஈஸ்டருக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கே" என்றார்.
அவள் சிரிக்கவில்லை.
டயல் கேஜை முட்டுக் கொடுத்து நிறுத்தி
ஸ்க்ரூவின் தலையைக் கட்டைவிரலால் அமுக்கினாள்.
முள் முப்பது கோடு ஓடியது.
விரலை எடுத்ததும் திரும்பி வந்தது,
முழுதாக அல்ல.

மோட்டாருக்குள் இருக்கும் பேரிங்
சுழல்வதற்கு; தள்ளு வாங்குவதற்கு அல்ல.
கத்தியை மரம் எதிர்த்துத் தள்ளிய
தள்ளலையெல்லாம்
அந்தக் குருணை உருண்டைகள் சுமந்திருக்கின்றன.
பதினெட்டு டன் டிராமுக்கு
அச்சுப் பேரிங் மாற்றுகிறவள்
தன் எந்திரத்தை
ஒரு கப்ளிங்கில் தொங்கவிட்டிருந்தாள்.
வெட்கமாயிருந்தது.
யாரும் பார்க்கவில்லை என்பதால்
கொஞ்சம்தான்.

சாய்கோணப் பேரிங் இரண்டு,
முதுகோடு முதுகு சேர்த்து,
மோட்டார்ப் பக்கம் ஒரு வீட்டுக்குள் அடைத்தாள்.
நட்டை முறுக்கினாள்.
இன்னும் ஒரு கால் சுற்று.
இப்போது அமுக்கினால் முள் அசையவில்லை.
மறு முனைக்குப் பேரிங் வாங்கக் கடை மூடியிருந்தது.
நௌரிஸ் விட்டுப் போன ஸ்கேட்போர்டைத்
தலைகீழாய்க் கவிழ்த்து
ஒரு சக்கரத்தைக் கழற்றினாள்.
எட்டு மில்லிமீட்டர் துளை.
சொல்லிவைத்தாற்போல் பொருந்தியது.
அதையும் இறுக்கினாள்,
இரண்டு பக்கமும் அசையாதபடி,
அடுத்த முட்டைக்கு வழியே இல்லாதபடி.

மறுநாள் காலை வெளியே மைனஸ் ஒன்பது.
உள்ளேயும் அதேதான்.
எந்திரம் வெண்ணெயில் கத்திபோல் ஓடியது.
ஹீட்டரைப் போட்டாள்.
விரல் உணர்வு வந்த நேரத்தில்
ஸ்க்ரூ முனகத் தொடங்கிற்று,
பிறகு அலறல், பிறகு
மோட்டார் மட்டும் நின்ற இடத்தில் அதிர்ந்தது.

காகிதம் எடுத்தாள்.
எஃகு, மீட்டருக்கு, டிகிரிக்கு, பன்னிரண்டு மைக்ரான்.
இருபத்தைந்து டிகிரி.
மூன்று தலைமுடி கனம்.
அவ்வளவுதான் அது கேட்டது.
பிர்ச் பலகை நீளவில்லை, அதற்கு அந்த வழக்கமில்லை.
போக இடமில்லாமல் எஃகு
நடுவில் வில்லாய் வளைந்திருந்தது.
இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் என்பார்கள்.
இது இடம் கொடுக்காததால்
பலகையைப் பிடுங்கப் பார்த்தது.

எமரித் தாளை விரலில் சுற்றி
மறுமுனை வீட்டின் உட்சுவரைத் தேய்த்தாள்,
பேரிங் ஆடாமல், ஆனால் வழுக்கும் அளவுக்கு.
தேய்த்து, நுழைத்துப் பார்த்து, தேய்த்து.
அதற்குள் இரண்டு ரயில் போய்விட்டன.

"ஒரு பக்கம் இறுக்கிப் பிடி, மறுபக்கம் விட்டுப் பிடி"
என்றார் குன்வால்டிஸ், காபியோடு.
"கல்யாணம் மாதிரி."
"இல்லை," என்றாள்,
"பேரிங் மாதிரி."
அவருக்கு இரண்டு கல்யாணம்.
மேலே பேசவில்லை.

அன்று மாலை ஷெட் பதினாறு டிகிரி.
வெட்டிய வட்டத்தை வெர்னியரில் வைத்தாள்:
இப்படி அறுபது.
திருப்பி வைத்தால் அறுபதும் ஐந்து நூறில் ஒன்றும்.
அந்த ஐந்து எங்கிருந்து வருகிறது என்று
எந்திரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தாள்.
மேசைக் காலொன்று தரையில் பதியவில்லை.
பழைய முட்டையை அதன் கீழ் செருகினாள்.

படம் எடுத்து ரிகாவுக்கு அனுப்பினாள்:
வட்டம், ஸ்க்ரூ, மறுமுனையில்
சிவப்பு மூடி போட்ட பேரிங்.
பத்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது.
வட்டத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.
"எந்தச் சக்கரம்?"

ரஸ்மா கையுறையைக் கழற்றி
ஒற்றை விரலால் தட்டினாள்:
"பின் இடது."